தண்டவாளம் இல்லாத ரோடு

செங்கல்பட்டில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்த டிரைவர் சாருக்கு மார்க்கெட்டுக்குப் போக வழி தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட்டியவர். பீச் ஸ்டேஷனுக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் எங்கே மேடு, எங்கே வளைவு, எந்த கேட்டுக்குப் பக்கத்தில் ஆடு குறுக்கே வரும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் எங்கள் தெருமுனைக்கு வந்து இடதா வலதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவருக்குள் ஏதோ ஒன்று நின்றுபோகும். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு நேராகப் போய்விடுவார். நேராகப் போனால் கொளவாய் ஏரிதான் வரும். கத்தரிக்காய் வாங்கப் போனவர் ஏரிக்கரையில் காற்று வாங்கிவிட்டு வெறும் பையோடு திரும்புவார்.

"திரும்பறதெல்லாம் அவர் வேலை இல்ல தம்பி," என்பார் அவர் மனைவி. "அது தண்டவாளத்தை மாத்திவிடற பாயிண்ட்ஸ்மேன் வேலை."

அந்த அம்மா தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கதவு எண் இல்லாமல், தெருப்பெயர் இல்லாமல், 'வேப்பமரத்து வீடு' என்று மட்டும் எழுதி வந்த தபாலையும் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தவர். இந்த இரண்டு பேரையும் ஜோடி சேர்க்கும்போது கர்த்தர் கொஞ்சம் சிரித்திருப்பார் என்று ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அவர்கள் சர்ச் பாஸ்டரே சொன்னார்.

வழி தெரியாததுகூடப் பெரிய விஷயமில்லை. தெரியாது என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டார். அதுதான் அவரிடம் அழகு. நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறவன். ஒருமுறை அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். மேடையில் பெண் வீட்டார் வரிசையாக நின்றார்கள். கேமராவுக்குள் பார்த்தால் மணப்பெண்ணுக்குப் பின்னால், நல்ல சஃபாரி உடையில், எங்கள் டிரைவர் சார். படம் எடுத்து முடித்ததும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"சார், இவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல தம்பி. நம்ம சர்ச் ஆளுங்க ஒருத்தரையும் காணமேனு நானும் பாத்துகினே தான் கீறேன்."

அவர் போக வேண்டிய கல்யாணம் அடுத்த மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது. இங்கே பந்தியில் சாப்பிட்டு, கவர் கொடுத்து, மாப்பிள்ளை தலையில் கைவைத்து ஆசீர்வாதமும் செய்து முடித்துவிட்டார். வழி மாறி வந்துவிட்டீர்கள் சார் என்றேன்.

"வழி மாறல. கல்யாணம் மாறிப் போச்சு," என்றார். "ஆனா ரசம் அருமை. நீயும் சாப்பிட்டுட்டுப் போ."

இது போதாதென்று, சில மாதத்துக்கு ஒருமுறை காலையில் டீத்தூள் வாங்கவோ முடிவெட்டவோ கிளம்பி, பொழுது சாயும்போதுதான் திரும்புவார். கையில் பேப்பரில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலம் இருக்கும். எங்கே போனீர்கள் என்று அந்த அம்மா கேட்கவே மாட்டார். "ரோடு கொஞ்சம் இழுத்துகினு போயிடுச்சு," என்று இவராகவே சொல்வார். அன்று ராத்திரி எதிர்வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வரும். தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு அந்த அம்மா நெடுநடைக்குத் திட்டம் போட்டார்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காணிக்கையாக வந்த காய்கறி, கோழி, வாழைத்தார் எல்லாவற்றையும் ஏலம் விட்டு முடித்த நேரம். டிரைவர் சார் ஏலத்தில் எடுத்த பெரிய பரங்கிக்காயைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா எழுந்து நின்றார்.

"கால் இல்லாதவங்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தர நம்ம சபையில நிதி திரட்டறோம். அதுக்காக நானும் அவரும் நடக்கலாம்னு இருக்கோம். செங்கல்பட்டுல கெளம்பி மதுராந்தகம், அச்சரப்பாக்கம், அங்கேர்ந்து செய்யூர். அப்புறம் கடலோரமாவே மேல வந்து, கல்பாக்கம் தாண்டி மாமல்லபுரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவர் சாரும் தட்டப் பார்த்தார், பரங்கிக்காய் உருண்டு பாஸ்டர் காலடிக்குப் போனது. தானும் நடக்கப்போகிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். ஊர்ப் பெயர்களைக் கேட்டபோது அவர் முகம் ஒரு இடத்தில் மாறியது. நான் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்ததால் கவனித்தேன். பரங்கிக்காய்க்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

நடை மார்கழியில். மார்கழியில் எனக்குக் கல்யாண ஆர்டர் கிடையாது என்பதால் என்னையும் என் ஆம்னி வேனையும் அந்த அம்மா பிடித்துக்கொண்டார். தண்ணீர்க் கேன், பாய், மாற்றுத்துணி எல்லாம் வேனில். படம் எடுப்பதும் என் வேலை. பணத்தைக் கையால் தொடுவதில்லை என்று முடிவு. சபையின் கணக்குக்கு நேராகப் போகும்படி ஒரு க்யூஆர் அட்டையை அச்சடித்து, அதை டிரைவர் சாரின் முதுகில் ஊக்கு வைத்துக் குத்திவிட்டார் அந்த அம்மா.

அதில்தான் சிக்கல். யாராவது "சார், ஒரு நிமிஷம்" என்று போனை நீட்டினால் இவர் மரியாதையாக அவர்கள் பக்கம் திரும்பி நின்று வணக்கம் சொல்வார். அட்டை அந்தப் பக்கம் போய்விடும். அவர்கள் சுற்றிப் பின்னால் போவார்கள். பின்னால் நிற்கிறவருக்கு முதுகைக் காட்டிப் பேசக்கூடாது என்று இவரும் சுற்றுவார். ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் லாரி டிரைவர் ஒருவர் இவரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "பெரியவரே, உனுக்குக் குடுக்கணும்னு தான் நெனைக்கறேன், நீ தான் வுடமாட்டேன்ற," என்று கத்தினார்.

அந்த அம்மா எப்போதும் முன்னால். சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தபால் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதைப் போல நடப்பார். பத்தடி பின்னால் இவர், குடையையே பார்த்துக்கொண்டு வருவார்.

"சிவப்புன்னா நிக்கணுமே சார்," என்றேன் வேனிலிருந்து.

"எங்க வூட்டுல அது பச்சை தம்பி."

ஜிஎஸ்டி ரோட்டில் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்துபோகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெள்ளைப் புடவையில் தனியாகத் தெரிந்த இந்த அம்மாவை அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள், கால் பிடித்துவிட்டார்கள், ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொண்டு டிரைவர் சாரின் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். கிளம்பும்போது ஒரே குழப்பம். எல்லாமே சிவப்பு. அந்தக் கூட்டத்தில் குடையைத் தவறவிட்ட டிரைவர் சார் படாளத்தில் எங்கேயோ பிரிந்து மேற்கே போய்விட்டார். நாங்கள் கண்டுபிடித்தபோது வேடந்தாங்கல் ஏரிக்கரையில், தூரக்கண்ணாடி வைத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களுக்கு நடுவில் நின்று நாரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "இதுக்குப் பேரு இன்னா?"

"பறவை பாக்க வந்தவங்க எல்லாம் நல்ல மனசுக்காரங்க. இங்கயும் கொஞ்சம் நிதி திரட்டலாம்னு யோசிச்சுத் தான் வந்தேன்," என்றார். அவர் சொன்னதைப் போலவே அங்கே நன்றாகத்தான் திரண்டது. அதனால் அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

செய்யூர் தாண்டிக் கடலோர ரோட்டைப் பிடித்ததும் அவர் பேச்சு குறைந்தது. சவுக்குத் தோப்புக் காற்றில் நடப்பதற்கு நன்றாகவே இருந்தது, வெயிலும் இல்லை. ஆனாலும் கூவத்தூரில் சாப்பிட உட்கார்ந்தவர் இட்லியைப் பிட்டுப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். கால் வலியா என்று கேட்டேன், இல்லை என்றார். பாலாற்றுப் பாலத்தில் நடுவில் நின்று தண்ணீரையே பார்த்தார். குடை பாலத்தைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை.

புதுப்பட்டினம் கூட்ரோட்டில்தான் அது நடந்தது. அங்கே நேராகப் போனால் மாமல்லபுரம். வலது பக்கம் சதுரங்கப்பட்டினம், கடல். இடது பக்கம் திருக்கழுக்குன்றம் போகிற ரோடு. அந்த அம்மா குடையோடு வலது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் மதியம் தங்கல் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார். டிரைவர் சார் கூட்ரோட்டுக்கு வந்தார், வழக்கம்போல நின்றார். வழக்கம்போல நேராகப் போவார், ஹார்ன் அடித்துக் கூப்பிடலாம் என்று நான் காத்திருந்தேன்.

அவர் நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பி, அந்த வயதுக்கு நான் பார்க்காத வேகத்தில் நடந்தார்.

வேனைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே போனேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஷூவைக் கழற்றியிருந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

"சார், இது வேற ரோடு. இது எங்க போவுது தெரியுமா?"

"தெரியும். திருக்கழுக்குன்றம். அங்க எறங்கி அடுத்த பஸ் புடிச்சா செங்கல்பட்டு. ஜன்னல் ஓரமா வலது பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது."

அவர் வாயிலிருந்து சரியான வழி வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. வேனை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் குப்பத்துல ஒரு பையன் கீறான் தம்பி," என்றார். "பையன் இல்ல, இப்ப பெரிய ஆளாயிருப்பான். காலேஜ் படிச்சுகினு இருந்தான். சாயங்காலம், நல்ல வெளிச்சம். தண்டவாளத்தைத் தாண்டிகினு இருந்தான். நான் பிரேக் போட்டுட்டேன். பிரேக் போட்டா ரயிலு உடனே நிக்காது. போட்டுட்டு, நிக்கிற வரைக்கும் பாத்துகினே இருக்கணும். அவ்ளோ தான் நம்ம வேலை."

ரயில் கார்டு இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். இவர் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபிறகு இவர் மறுபடியும் வண்டியை எடுத்து, மிச்சமிருந்த ஸ்டேஷன் எல்லாவற்றிலும் நிறுத்தி, செங்கல்பட்டில் ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒரு கால் போய்விட்டது, உயிர் பிழைத்துவிட்டான் என்று பிறகு தெரிந்திருக்கிறது. விசாரணையில் இவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பையனின் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். தெருமுனை வரைக்கும் போவாராம். அதற்குமேல் கால் வராதாம். சும்மா நின்றால் ஊர்க்காரர்கள் என்ன ஏது என்று கேட்பார்களே. முனையில் ஒரு அம்மா கருவாடு விற்பாராம். அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாராம்.

எத்தனை கிண்ணம் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன்.

அப்போது ரோட்டில் சிவப்புக் குடை வந்தது. அந்த அம்மா மூச்சு வாங்க வந்து எங்கள் முன்னால் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குடையை மடக்கினார்.

"வூட்டுல கருவாடு தீந்துபோச்சு. வாங்கணும், வாங்க," என்றார்.

டிரைவர் சார் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"வழி தவறிப் போறவரு ஒவ்வொரு தபாவும் ஒரே ஊருக்கா தவறிப் போவாரு? தபால் ஆபீஸ்காரிகிட்ட விலாசத்தை மறைக்க முடியுமா?" என்றவர், குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "நீங்களா சொல்லுவீங்கனு இருந்தேன். சொல்லல. நடந்தாவது கூட்டினு போவலாம்னு தான் இத்தினி ஊரைச் சுத்தினேன். எழுந்திருங்க."

அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தெருமுனையில் கருவாட்டுக்கார அம்மா இவரைப் பார்த்ததும் கூடையிலிருந்து கையை எடுத்து, "இன்னா சாரு, இந்த தபா சம்சாரத்தோட வந்துகீற? எப்பவும் போல நெத்திலி தான?" என்றார். அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, ஏழுமலை வீடு எது என்று டிரைவர் சாரின் மனைவி கேட்டதும், "தோ, ஐஸ் பெட்டி இருக்குதே, அது தான்," என்று காட்டினார். எண்ணிப் பார்த்தால் நாலாவது வீடு. இத்தனை வருஷம் இவர் கடக்க முடியாத தூரம் அவ்வளவுதான்.

ஏழுமலை படகுகளுக்கு ஐஸ் போடுகிற தொழில் செய்கிறவர். நாற்பதைத் தாண்டியவர். வாசலில் உட்கார்ந்து ஐஸ் பாரை உடைத்துக்கொண்டிருந்தார். லுங்கிக்குக் கீழே ஒரு கால்தான் தெரிந்தது. பக்கத்தில் சைடு வீல் வைத்த ஸ்கூட்டர். நிதி கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்து முதலில் அவர் போனைத்தான் எடுத்தார்.

"அதுக்கில்லப்பா," என்றார் அந்த அம்மா. "உனக்கு அடிபட்டப்ப அந்த ரயிலை ஓட்டினவரு இவரு தான்."

ஐஸ் உடைக்கிற சுத்தி அப்படியே நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நிலைப்படியில் நின்றார். ஏழுமலை டிரைவர் சாரை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தினி வருஷம் கழிச்சு இன்னாத்துக்கு சார் வந்தீங்க? அப்பவே வர்றதுக்கு இன்னா?"

டிரைவர் சார் வெறுங்காலோடு தெருவில் நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சமாளிப்பார், ரோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பார், ஊர் தள்ளிப் போய்விட்டது என்பார் என்று நான் பயந்தேன்.

"எனக்கு வழி தெரியல தம்பி," என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொல்லி அந்த அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழுமலை உடைந்த ஐஸைச் சுத்தியால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "ஒண்ணு கேக்கணும்," என்றார். "உங்களப் பாத்தா கேக்கணும்னு தான் இருந்தேன். அன்னிக்கு ஹார்ன் அடிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டால் பழி முழுவதும் தன்மேல் வந்துவிடும், அந்த மனிதருக்கு ஆறுதலாக இருக்கும் என்று டிரைவர் சார் யோசித்திருக்க வேண்டும். அவர் உதடு அசைந்தது. ஆனால் பொய் வரவில்லை.

"அடிச்சேன் தம்பி. வுடாம அடிச்சேன். உன் காதுல வுழும்னு கடைசி வரைக்கும் அடிச்சுகினே இருந்தேன்."

ஏழுமலை சுத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நான் தான் கேக்கல," என்றார். "காதுல ஒயரை மாட்டிகினு பாட்டு கேட்டுகினு போனேன் சார். யாராண்டயும் சொல்லல. டிரைவர் ஹார்ன் அடிக்காம வந்துட்டான்னு எங்க அம்மா தெருவே கேக்கறாப்புல உங்கள ஏசும். தெனம் ஏசும். சாவற வரைக்கும் ஏசுச்சு. பாட்டு கேட்டேன்னு சொன்னா அந்த ஏச்சு எனக்கு வுழுமேனு கம்முனு இருந்துட்டேன்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மா வுட்ட சாபம் ஏதாச்சும் பலிச்சுதா சார்?"

டிரைவர் சார் மனைவியைப் பார்த்தார்.

"பலிச்சுதுப்பா," என்றார் அந்த அம்மா. "ஒரு எடத்துக்கும் ஒழுங்கா போயி சேர மாட்டேங்கறாரு. கத்தரிக்காய் வாங்க அனுப்பினா ஏரிக்குப் போறாரு."

முதலில் சிரித்தது ஏழுமலையின் மனைவிதான். பிறகு ஏழுமலை. டிரைவர் சார் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு இருந்தார், தோள் குலுங்கியது.

மறுநாள் மாமல்லபுரத்தில் சபையார் எல்லோரும் மாலையோடு காத்திருந்தார்கள். கடற்கரையில் ஜெபம் நடந்தது, பாஸ்டர் பேசினார், நானும் நிறையப் படம் எடுத்தேன். ஏழுமலை வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய பழைய செயற்கைக் கால் அளவு சரியில்லாமல் உறுத்தியதால் அவர் அதை மாட்டுவதில்லை. சபை நிதியில் புதுக் காலுக்கு அளவெடுக்க அவரும் ஒத்துக்கொண்டார். டிரைவர் சாரும் அந்த அம்மாவும் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிறார்கள்.

ஆனால் அந்த நடையில் நான் எடுத்த படங்களில் நல்ல படம் மாமல்லபுரத்தில் எடுத்ததில்லை. அந்தக் குப்பத்தில், மதியம் மீன் குழம்பு சாப்பிட்டு முடித்தபிறகு எடுத்தது. டிரைவர் சாரின் கொப்புளங்களைப் பார்த்த ஏழுமலை, மீன் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியை இழுத்துப் போட்டு, தண்ணீர் ஊற்றி, உடைத்த ஐஸை அள்ளிக் கொட்டினார்.

"வைய்யி சார், வைய்யி. வலி பறந்துடும்."

டிரைவர் சார் காலை வைத்ததும் "ஏசப்பா" என்று அலறிவிட்டார். எதிரில் உட்கார்ந்திருந்த ஏழுமலை, "இதுக்கே இப்புடியா?" என்று சொல்லி லுங்கியை மடித்துக்கொண்டு தன் காலையும் உள்ளே விட்டார். தொட்டிக்குள் மூன்று கால்கள். நான் கேமராவை எடுத்தேன்.

"அண்ணாத்த, மூஞ்சி வாணாம்," என்றார் ஏழுமலை. "காலை மட்டும் எடு."

குனிந்து கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என் தோளைத் தள்ளினார். கேன்வாஸ் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இத்தினி தூரம் அவரு மட்டுமா நடந்தாரு? காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க ரெண்டு பேரும்."

இரண்டு பேரும் நகர்த்திக்கொண்டார்கள்.